நடுவில் ஒரு கல்லா

ரயான் கூக்லரின் ‘சின்னர்ஸ்’ திரைப்படம் 2025-இல் வெளியானது. கதை நடப்பது 1932-இல், மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேலில். படத்தில் ஒரு சீனத் தம்பதி வருகிறார்கள். தெருவின் ஒரு பக்கத்தில் கறுப்பின மக்களுக்கான மளிகைக்கடை, எதிர்ப்பக்கத்தில் வெள்ளையர்களுக்கான மளிகைக்கடை. இரண்டுமே அவர்களுடையவை. அம்மாவைக் கூப்பிட மகள் ஒரு கடையிலிருந்து இறங்கி, தெருவைக் கடந்து, அடுத்த கடைக்குள் ஏறுகிறாள். கேமராவும் வெட்டு இல்லாமல் அவள் பின்னாலேயே போகிறது. அந்தத் தெருவை இயல்பாகக் குறுக்கே கடக்க யாரால் முடிந்தது, யாரால் முடியவில்லை என்பது, ஒருவரும் விளக்காமலே பார்ப்பவருக்கு விளங்கிவிடுகிறது.

ரத்தக் காட்டேரிப் படத்துக்காகச் சேர்த்த கற்பனை என்று அந்தக் கடைகளை ஒதுக்கிவிட முடியாது. நூறு ஆண்டுக்கு மேலாக மிசிசிப்பி டெல்டாவின் சிறு ஊர்களில் சீனக் குடும்பம் நடத்தும் கடை என்பது அன்றாட விஷயமாக இருந்தது. கிரீன்வில் போன்ற பெரிய ஊரில் டஜன் கணக்கில் இருந்தன. பெயர்ப்பலகையில் மளிகையும் இறைச்சியும் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கும். படத்தில் வருவதுபோல் தெருவுக்கு இருபுறமும் கடை வைத்தவர்கள் குறைவு. பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரே கடைதான், அதுவும் கறுப்பினக் குடியிருப்பிலோ அதன் விளிம்பிலோ. முன்னால் கடை, பின்னால் வீடு.

இந்தக் கடைகளின் கதையை உழைத்து முன்னேறிய குடியேறிகளின் வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கம். உழைப்பும் முன்னேற்றமும் உண்மையே. ஆனால் அந்தக் கடை எங்கே நின்றது, ஏன் அங்கே நிற்க முடிந்தது என்பதை விட்டுவிட்டு உழைப்பை மட்டும் பாராட்டினால் பாதிக் கதைதான் மிஞ்சும். ஒரு சமூகம் தன்னை இரண்டாகப் பிளந்துகொண்டபோது நடுவில் ஒரு சந்து விழுந்தது. அந்தச் சந்தில்தான் கடை வந்தது. எந்தப் பிளவு இந்தக் குடும்பங்களுக்குச் சோறு போட்டதோ, அதே பிளவு அவர்களுடைய பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பியது.

டெல்டா என்று சொன்னாலும் அந்த நிலம் கடலோரத்தில் இல்லை. மெம்ஃபிஸுக்குத் தெற்கே தொடங்கி விக்ஸ்பர்க் வரை, மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவே இலை வடிவில் கிடக்கும் வண்டல் சமவெளி அது. பருத்திக்கென்றே படைத்தது போன்ற கரிய மண். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபோது, கூலி பேசவும் வேலையை விட்டுப் போகவும் உரிமை பெற்றுவிட்ட கறுப்பின உழைப்பாளிகளைத் தோட்ட முதலாளிகளால் சகிக்க முடியவில்லை. 1869 ஜூலையில் மெம்ஃபிஸில் கூடிப் பேசினார்கள், சீனாவிலிருந்து கூலிகளை இறக்குவது என்று. புது ஆட்கள் வந்தால் பழைய ஆட்கள் பணிவார்கள் என்பது கணக்கு.

கணக்கு பொய்த்தது. வந்தவர்கள் கொஞ்சம் பேர். வந்தவர்களும் ஒப்பந்தம் சொன்னபடி நடக்கவில்லை என்று தெரிந்ததும் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். 1880 மக்கள்தொகைக் கணக்கில் மாநிலம் முழுவதிலுமே சீனர்கள் சுமார் ஐம்பது பேர்தான். அப்படி வெளியேறிய சிலரும், பின்னால் அவர்களைத் தேடி வந்த உறவுக்காரர்களும்தான் கடை வைத்தார்கள். பெரும்பாலோர் குவாங்டொங் மாகாணத்தில், காண்டன் நகருக்குத் தென்மேற்கே உள்ள நான்கு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சொந்த ஊரில் அவர்கள் விவசாயிகள்.

ஏன் மளிகை? ஜேம்ஸ் லோவன் என்ற சமூகவியலாளர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 1971-இல் ஒரு நூல் வெளியிட்டார். மிசிசிப்பியிலேயே கறுப்பின மாணவர்களுக்கான டூகலூ கல்லூரியில் பாடம் சொன்னவர் அவர். அவர் கண்ட விடையின் சாரம் இது: கறுப்பின வாடிக்கையாளரை எதிரில் நிறுத்தி அவருக்குச் சாமான் எடுத்துக்கொடுப்பது, மேல்சாதி மனோபாவம் கொண்ட வெள்ளையருக்குக் கௌரவக் குறைச்சல். செய்தாலும் வேண்டாவெறுப்பாகவே செய்தார்கள். கறுப்பினத்தவர் ஒருவர் கடை வைக்கலாம் என்றால் அவருக்கு முதலும் இல்லை, மொத்த வியாபாரி கடனும் தருவதில்லை. வைத்தாலும் சொந்தபந்தம் எல்லாம் கடன் கேட்கும், இல்லை என்று சொல்ல முடியாது. இந்த இரண்டு சிக்கலுக்கும் வெளியே நின்றவர் சீனர். அவருக்கு அந்த ஊரில் காக்கவேண்டிய அந்தஸ்தும் இல்லை, தட்டமுடியாத உறவும் இல்லை.

அதற்கு முன் அந்த மக்கள் எங்கே சாமான் வாங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நிலமில்லாத கறுப்பினக் குடும்பங்கள் வாரத்துக்குப் பயிரிட்டன. வசந்தத்தில் விதைப்பு தொடங்கி இலையுதிர்காலத்தில் பஞ்சு எடுக்கும்வரை கையில் காசு புரளாது. முதலாளியின் தோட்டக் கடையில் பற்று எழுதி வாங்க வேண்டும். மாவு, கொழுப்புக் கறி, துணி, மருந்து எல்லாம் அங்கேதான். விலையும் வட்டியும் முதலாளி வைத்தது, கணக்குப் புத்தகமும் அவரிடமே. டிசம்பரில் கணக்குத் தீர்க்கும் நாளில் ஆண்டு முழுக்க உழைத்தவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்றோ, பாக்கி அடுத்த ஆண்டுக்குப் போகிறது என்றோ சொல்லப்படும். எதிர்த்துக் கேட்பது உயிருக்கே ஆபத்து. நதிக்கு மறுகரையில், அர்கன்ஸாவின் எலெய்ன் பகுதியில், பஞ்சுக்கு நியாயமான விலை கேட்டுச் சங்கமாகக் கூடிய வாரக்குடிகள் 1919-இல் பெருமளவில் கொல்லப்பட்டார்கள்.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான், முதலாளிக்குச் சொந்தமில்லாத ஒரு கடையில் பத்து காசுக்குக் கறி வாங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும். சீனர் கடையும் கடன் கொடுத்தது, லாபம் பார்த்தது. கடனுக்கு வாங்கினால் விலை கூடத்தான் செய்தது. ஆனால் அந்தக் கடைக்காரர் உங்கள் நிலத்தின் சொந்தக்காரர் இல்லை, ஊர்க் காவல் அதிகாரியின் மைத்துனரும் இல்லை. பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் இன்னொரு கடைக்குப் போகலாம்.

தொடக்க காலக் கடை என்பது ஒரே அறை. மூன்று சரக்கு இருந்தால் கடை நடக்கும்: கறி, மக்காச்சோள மாவு, கரும்புப்பாகு. கடைக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. வாடிக்கையாளர் கையில் ஒரு குச்சியைக் கொடுப்பார், அவர் அலமாரியில் வேண்டியதைத் தொட்டுக் காட்டுவார். எந்தச் சரக்கிலும் கடைசிப் பெட்டியை விற்காமல் வைத்திருப்பார்கள். மொத்தக் கடையின் ஆள் வரும்போது அதை எடுத்துக் காட்டினால்தான் மறுபடி அதே சரக்கு வரும். பேச்சில்லாமல் நடந்த இந்த வியாபாரத்தை லோவன் பதிவுசெய்திருக்கிறார். இரண்டு தரப்பும் பொறுமையாக இருந்தாலொழிய இப்படி ஒரு கடை ஒரு வாரம்கூட ஓடியிருக்காது.

பிறகு கடை வளர்ந்தது. அலமாரிகள் கூரை வரை உயர்ந்தன. நீண்ட மேசை, அதன் மேல் தராசு, சுருள் காகிதம், நூல்கண்டு. சக்கரம் போன்ற பெரிய பாலாடைக்கட்டி, அதை ஆப்பு வடிவில் வெட்டும் கத்தி பொருத்திய கருவி. மத்தி மீன் டப்பா, உப்பு பிஸ்கட், மூக்குப்பொடி, மண்ணெண்ணெய், வயலில் போட்டுக்கொள்ளும் கையுறை, வைக்கோல் தொப்பி. சிகரெட் ஒன்றிரண்டாகக்கூடக் கிடைக்கும். கூட்டல் கழித்தலுக்கு மணிச்சட்டம்.

கடையின் இதயம் கறி மேசைதான். வாரக்குடியின் வீட்டில் ஐஸ் பெட்டி கிடையாது, அன்றைய கறி அன்றைக்கு. உப்பிட்ட பன்றிக் கொழுப்பு மட்டும் கெடாமல் நிற்கும், கீரையிலும் பயறிலும் அதுதான் ருசி. மற்றபடி பன்றியின் கால், கழுத்தெலும்பு, காது, வால், குடல் ஆகிய மலிவான பாகங்களே இங்கே முதல் சரக்கு. வாங்குபவர் எடை சொல்லிக் கேட்பதில்லை, காசைச் சொல்லிக் கேட்பார். ஐந்து காசுக்குப் பலோனி, பத்து காசுக்குக் கொழுப்புக் கறி. வெட்டுபவரின் கை அந்தக் காசின் கனத்தை அறிந்திருக்க வேண்டும். குறைத்து வெட்டினால் அடுத்த வாரம் ஆள் வரமாட்டார், கூட்டி வெட்டினால் மாத முடிவில் கடை நிற்காது. தராசில் வைப்பதற்கு முன்பே கண்ணும் கத்தியும் முடிவுசெய்துவிடும்.

மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவர்களும் அந்தப் பக்கம் நின்றவர்களும் காலும் காதும் குடலும் சமைக்கத் தெரிந்தவர்கள் என்பதை யாரும் பெரிதாக எடுத்துப் பேசுவதில்லை. கறுப்பினத் தெற்கின் அடுப்பிலும் குவாங்டொங் அடுப்பிலும் பன்றியின் எந்தப் பாகமும் வீணாவதில்லை. கடைக்குப் பின்புறக் கொல்லையில் சீனக்கீரையும் நீர்ப்பூசணியும் விளைந்தன. விதை சொந்தக்காரர்கள் மூலம் கடல் கடந்து வந்தது. முன்னால் விற்கும் பன்றிக் கறியும் தெற்கத்திக் கீரையும் பின்னால் இரும்புச் சட்டியில் இஞ்சி, பூண்டு, சோயா சாற்றோடு வதங்கின. இரண்டு சமையலும் ஒரே கூரையின் கீழ், ஒரே இறைச்சித் துண்டிலிருந்து நடந்தன. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது மட்டும் நடக்கவில்லை.

சனிக்கிழமைதான் சந்தை நாள். வயல்களிலிருந்து கோவேறு கழுதை வண்டியிலும் பின்னாளில் லாரியிலும் ஊருக்கு வருவார்கள். நள்ளிரவு நெருங்கும்வரை கடை அடைக்காது. கடைக்குள்ளும் வாசலிலும் நின்று பேசலாம், யாரும் விரட்டமாட்டார்கள். வெள்ளையர் கடைகளில் கறுப்பினத்தவர் பின்வாசல் வழியாகப் போகவும், வெள்ளையர் வாங்கி முடிக்கும்வரை ஒதுங்கி நிற்கவும் நேர்ந்த காலம் அது. வரிசையில் தன் முறைக்குக் கூப்பிடப்படுவது என்ற சிறிய மரியாதை சீனர் கடையில் கிடைத்தது. எல்லாக் கடையிலும் எப்போதும் கிடைத்தது என்று சொல்வது மிகை. கிடைத்த இடங்களில் அது மறக்கப்படவில்லை.

இப்போது அமெரிக்கச் சட்டம் இந்தக் கடையை எப்படிப் பார்த்தது என்பதற்கு வருவோம். 1882-இல் வந்த சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுத்தது. வணிகர்களுக்கு அதில் விதிவிலக்கு இருந்தது. 1893-இல் வணிகர் யார் என்று சட்டம் விளக்கம் சொன்னது: நிலையான ஓர் இடத்தில், தன் பெயரில், சரக்கு வாங்கி விற்பவர். தன் வியாபாரத்துக்கு அவசியமானதைத் தவிர வேறு உடலுழைப்பு செய்யக்கூடாது. மூட்டை தூக்கும் தோளும் கறி வெட்டும் கையும் அந்தக் கடைசி விதிவிலக்கில்தான் தப்பித்தன. சலவைக்காரர் தொழிலாளி, மளிகைக்காரர் வணிகர். ஊருக்குப் போய்த் திரும்பி வர வேண்டுமென்றால், இவர் வணிகர்தான் என்று சீனர் அல்லாத இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். அதனால் ஊரின் வெள்ளை மனிதர்களோடு நல்லபடியாக இருப்பது வியாபாரத் தந்திரம் மட்டுமாக இருக்கவில்லை, வீடு திரும்புவதற்கான அனுமதிச் சீட்டாகவும் இருந்தது.

மனைவியைக் கூட்டி வருவதும் கடையைப் பொறுத்தது. 1900-இல் உச்ச நீதிமன்றம் வணிகரின் மனைவியும் சிறு வயதுப் பிள்ளைகளும் தனிச் சான்றிதழ் இல்லாமலே வரலாம் என்றது. 1924-இல் குடியேற்றச் சட்டம் இன்னும் இறுகியது. அதைப் பற்றி 1925 மே மாதம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள். அமெரிக்கக் குடிமகனாகவே பிறந்த ஒருவரின் சீன மனைவி உள்ளே வரக்கூடாது, சீன வணிகரின் மனைவி வரலாம். பிறப்புரிமை செய்ய முடியாததை ஒரு மளிகைக்கடை செய்தது. டெல்டாவின் சீனர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஏன் ஒரே தொழிலில் இருந்தார்கள் என்று கேட்பவர்கள் கலாசாரத்தையும் பழக்கத்தையும் காரணம் காட்டுவார்கள். இந்தச் சட்டப் புத்தகங்களையும் ஒருமுறை புரட்டிவிட்டுப் பேசுவது நல்லது.

சட்டம் இடம் கொடுக்காத இடத்தில் காகிதம் வழி கண்டது. 1906-இல் சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திலும் தீயிலும் பிறப்புப் பதிவுகள் அழிந்தபின், இன்னொருவரின் மகன் என்று ஆவணத்தில் பெயர் ஏற்றுக்கொண்டு வந்தவர்கள் பலர். டெல்டாவின் கடைகளிலும் அப்படி வந்தவர்கள் உண்டு. வெளியே ஒரு குடும்பப்பெயர், வீட்டுக்குள் உண்மையான பெயர். பிள்ளைகள் இரண்டையும் கலக்காமல் வாழப் பழகினார்கள்.

ஒரு கடையிலிருந்து இன்னொரு கடை பிறந்த விதம் எளிமையானது. ஊரிலிருந்து தம்பி மகன் வருவான். பெரியப்பா கடையில் சில ஆண்டுகள் சாப்பாட்டோடு வேலை. மொழியும் விலையும் ஆட்களின் குணமும் பிடிபட்டதும், பெரியப்பா கொஞ்சம் பணமும் கொஞ்சம் சரக்கும் கொடுத்து, போட்டி வராத தூரத்தில், அடுத்த ஊரில் உட்கார்த்திவிடுவார். வங்கி எட்டிப் பார்க்காத முதலீடு. கல்யாணமான பிறகு மனைவி கல்லாவுக்கு வருவார், பிள்ளைகள் மரப்பெட்டி மேல் ஏறி நின்று சில்லறை கொடுக்கப் பழகுவார்கள். கூலி இல்லாத இந்தக் கைகள் இல்லாவிட்டால் ஐந்து காசு வியாபாரத்தில் ஒரு குடும்பம் பிழைத்திருக்க முடியாது. அலமாரிக்குப் பின்னாலுள்ள அறையில் படுத்த பெண்களின் உழைப்புக்கு எந்தப் பேரேட்டிலும் வரி கிடையாது. கடையின் வரலாற்றை ஆண்களின் பெயரில் எழுதுகிற பழக்கத்தை இது ஒன்றே கேள்விக்குள்ளாக்கப் போதுமானது.

ரோஸ்டேல், மிசிசிப்பி ஆற்றங்கரையில் பொலிவர் கவுன்டியிலுள்ள சிறிய ஊர். அங்கே கோங் லம், காதரின் லம் தம்பதி மளிகைக்கடை நடத்தினார்கள். அவர்களுடைய மகள்கள் பெர்டா, மார்த்தா. 1924 செப்டம்பரில் பள்ளி தொடங்கிய நாள், இருவரும் ஊரின் வெள்ளையர் பள்ளிக்குப் போய் உட்கார்ந்தார்கள். மதிய இடைவேளையில் அவர்களிடம் நீங்கள் இனி வரக்கூடாது என்று சொல்லப்பட்டது. அவர்கள் வெள்ளையர் இல்லை என்பது காரணம். வெள்ளையருக்கும் நிறத்தவருக்கும் பள்ளிகள் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று 1890-ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு விதித்திருந்தது. சீனக் குழந்தை எந்தப் பக்கம் என்று அது சொல்லவில்லை.

லம் குடும்பம் வழக்குப் போட்டது. வாதாட முன்வந்தவர் ஏர்ல் ப்ரூவர், மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். கவுன்டி நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1925-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது. 1927 நவம்பர் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மாநிலத்தின் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட், அதற்கு முன் நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். ஒன்பது வயது மார்த்தாவின் தந்தை வணிகம் செய்கிறவர், வரி கட்டுகிறவர் என்பதெல்லாம் தீர்ப்பின் தொடக்கத்திலேயே பதிவாகியிருக்கிறது. வாங்கிக்கொண்ட வரிக்கு ஈடாக அந்தக் குழந்தைக்குச் சொல்லப்பட்டது, நிறத்தவர் பள்ளிக்குப் போகலாம் என்பதுதான். பள்ளிகளை வகைப்படுத்துவது மாநிலத்தின் அதிகாரம், இது முன்பே பலமுறை தீர்க்கப்பட்ட விஷயம் என்று டாஃப்ட் எழுதினார். இந்தத் தீர்ப்பு பிரிவினையை ஆதரிப்பவர்களுக்கு இன்னும் கால் நூற்றாண்டு கைகொடுத்தது. 1954-இல், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற பிரௌன் வழக்குத் தீர்ப்பு வரும்வரை அது அசையவில்லை.

இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் லம் குடும்பத்தின் துணிச்சலைப் பாராட்டுவது நியாயமே. எல்லை வழியாக ரகசியமாக வந்தவர் என்று அட்ரியன் பெரார்ட் தன் நூலில் விவரிக்கும் ஒரு மளிகைக்காரர், தன் பெயரையே நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் ஆவணத்தில் ஏற்றுவது சாதாரணக் காரியமில்லை. ஆனால் வழக்கு கேட்டது என்ன என்பதையும் ஒளிக்காமல் பார்க்க வேண்டும். பிரிவினை தவறு என்று அது வாதிடவில்லை. எங்கள் மகளைக் கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்த்துக் கணக்கிடாதீர்கள் என்று வாதிட்டது. அந்தப் பிள்ளைகளின் தாய் தந்தையர்தான் அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள். அவர்கள் கொடுத்த ஐந்து காசும் பத்து காசும் சேர்ந்துதான் அந்தக் கடை நடந்தது. கறுப்பினப் பள்ளிகளுக்கு மாநிலம் கொடுத்த பணம் மிகச் சொற்பம், வயல் வேலைக்கு ஏற்றபடி அவற்றின் பாடநாள்களும் குறுகியிருந்தன என்பதால் எந்தப் பெற்றோரும் அஞ்சியிருப்பார்கள். அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ளலாம். அதே பள்ளிகளைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

தீர்ப்புக்குப் பிறகு லம் குடும்பம் ஆற்றைக் கடந்து அர்கன்ஸாவுக்கு, எலெய்ன் ஊருக்குக் குடிபெயர்ந்தது. எட்டு ஆண்டுக்கு முன் வாரக்குடிகளின் ரத்தம் சிந்திய அதே எலெய்ன். அங்கே வெள்ளையர் பள்ளி மகள்களைச் சேர்த்துக்கொண்டது.

டெல்டாவில் தங்கிய குடும்பங்கள் நீதிமன்றத்தை விட்டுவிட்டு வேறு வழி பார்த்தன. 1937-இல் கிளீவ்லாந்தில் பாப்டிஸ்ட் சபையின் துணையோடு சீனப் பிள்ளைகளுக்கென்று ஒரு மிஷன் பள்ளி எழுந்தது. ஊருக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு குடும்பம் என்று சிதறிக் கிடந்தவர்களின் பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் படித்தார்கள். கிரீன்விலிலும் தனிப் பள்ளி நடந்தது. சீனர்களுக்குத் தனி இடுகாடும் அங்கே உண்டு, ஏனென்றால் மண்ணுக்குள்ளும் இரண்டே பகுதிகள்தான் இருந்தன. 1940-களின் முடிவிலிருந்து வெள்ளையர் பள்ளிகள் ஊர் ஊராகச் சீனப் பிள்ளைகளுக்குத் திறந்தன.

அந்தக் கதவு சும்மா திறக்கவில்லை. ஆரம்ப காலத்தில் தனியாக வந்த சீன ஆண்கள் சிலர் கறுப்பினப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள், பிள்ளைகள் பிறந்தன. வெள்ளையர் சமூகம் சீனர்களைத் தன் அருகே அனுமதிக்க வேண்டுமானால் அந்த உறவுகள் அறுபட வேண்டும் என்பது சொல்லாமல் சொல்லப்பட்ட நிபந்தனை. சீனர்களுக்குள்ளேயே அதற்கான நெருக்குதல் நடந்ததை லோவன் விரிவாக எழுதியிருக்கிறார். அத்தகைய குடும்பங்கள் மெல்ல ஒதுக்கப்பட்டன. கடைக்காரர்களின் சங்கமும் சபையும் கல்யாண வீடுகளும் அவர்களை மறந்தன. முன்னேறிய கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் விட்டுப்போகும் அத்தியாயம் இதுதான்.

கடைகளின் முடிவைத் தொடங்கி வைத்தது ஒரு சிவப்பு இயந்திரம். 1944 அக்டோபரில் கிளார்க்ஸ்டேலுக்கு அருகே ஹாப்சன் தோட்டத்தில், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் பஞ்சு எடுக்கும் இயந்திரங்களைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஏராளமான கைகள் நாள் முழுக்க எடுக்கும் பஞ்சை ஓர் இயந்திரம் எடுத்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் வாரக்குடிகள் தேவைப்படாதவர்கள் ஆனார்கள். ரயிலேறி சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போனார்கள். கடை வாடிக்கையாளர்களை இழந்தது என்று பொதுவாகச் சொல்லலாம். பற்றுக் குறிப்பேட்டில் பெயர் பெயராக அடிக்கப்பட்டதே உண்மையில் நடந்தது.

மறுபக்கம், வியாபார முறையே மாறிக்கொண்டிருந்தது. கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 1916-இல் மெம்ஃபிஸில் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, வாங்குபவரே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்திருந்தார். டெல்டாவின் வாசலிலேயே பிறந்த அந்த முறை கிராமத்துக் கடைகளைத் தொடப் பல ஆண்டுகள் பிடித்தன. தொட்டபோது சீனக் கடைக்காரர்கள் சிலர் தாங்களும் தள்ளுவண்டி வைத்து, குளிர்ப்பெட்டி வாங்கி, சூப்பர் மார்க்கெட் ஆனார்கள். பெரும்பாலோரால் முடியவில்லை. பெரிய சங்கிலிக் கடைகளும் பிறகு வால்மார்ட்டும் மொத்தக் கொள்முதலில் பெறும் விலையை ஒரு குடும்பம் பெற முடியாது.

ஆனாலும் பல கடைகள் மூடப்பட்டது நஷ்டத்தால் என்பதைவிட, பிள்ளைகளால் என்பதே சரி. காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரை, ஞாயிற்றுக்கிழமையும் விடாமல், துப்பாக்கி காட்டிக் கல்லாவைக் கேட்பவர்களுக்கும் அஞ்சி நின்ற பெற்றோர் ஒரே விஷயத்தில் உறுதியாக இருந்தார்கள்: பிள்ளை இந்த மேசைக்குப் பின்னால் நிற்கக்கூடாது. மருந்தாளுநர், பொறியாளர், கணக்காளர், மருத்துவர் என்று பிள்ளைகள் படித்தார்கள். படித்தவர்கள் மெம்ஃபிஸுக்கும் ஹியூஸ்டனுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போனார்கள். வாடிக்கையாளரின் பிள்ளையும் கடைக்காரரின் பிள்ளையும் ஒரே டெல்டாவை விட்டுப் போனார்கள், வேறு வேறு சாலை வழியாக.

இன்று அந்த ஊர்கள் பலவற்றில் புதிய கறியோ காய்கறியோ வாங்கக் கடை இல்லை. டப்பா உணவும் உறைய வைத்த பொட்டலமும் விற்கும் டாலர் கடைதான் இருக்கிறது. கார் இல்லாத முதியவர் அடுத்த ஊருக்கு யாரையாவது கெஞ்சிப் போக வேண்டும். நடந்து போகும் தூரத்தில், காசுக்கு ஏற்றபடி கறி வெட்டித் தரும் ஒரு மேசை இருந்ததன் அருமை, அது போன பிறகு வயிற்றுக்குத் தெரிகிறது.

கிளீவ்லாந்தில், டெல்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், டெல்டா சீனர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தெற்கின் உணவு வரலாற்றைத் தொகுக்கும் சதர்ன் ஃபுட்வேஸ் அலையன்ஸ் கடைக்காரக் குடும்பங்களைப் பேட்டி கண்டு பதிவு செய்திருக்கிறது. 2020-இல் வெளியான ‘ஃபார் ஈஸ்ட் டீப் சவுத்’ ஆவணப்படத்தில், கலிஃபோர்னியாவில் வாழும் ஒரு குடும்பம் தாத்தாவின் கல்லறையைத் தேடி மிசிசிப்பிக்கு வருகிறது. பேஸ் என்ற சின்ன ஊரில் அவர் மளிகைக்கடை வைத்திருந்தார். இவையெல்லாம் மதிப்புள்ள வேலைகள். எல்லாமே பெரும்பாலும் கல்லாவுக்குப் பின்னால் நின்றவர்களின் குரல்.

1984-இல் வந்த ‘மிசிசிப்பி ட்ரையாங்கிள்’ மட்டும் வேறு மாதிரி முயன்றது. கிறிஸ்டின் சோய், வொர்த் லாங், அலன் சீகல் என்று சீன, கறுப்பின, வெள்ளையின இயக்குநர்கள் மூவர் சேர்ந்து எடுத்த படம் அது. அந்தந்தச் சமூகத்தவரிடம் அந்தந்தச் சமூகத்தவரே போய்ப் பேசினார்கள். சீனத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்த ஆர்லி ஹென் என்ற முதியவர் அதில் பேசுகிறார். அந்தப் படம் வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அந்தக் கடைகளில் குழந்தையாகப் போய்ப் பத்து காசுக்குக் கறி வாங்கிவந்தவர்கள், பின்னால் வடக்கே போனவர்கள், சிகாகோவின் தெற்குப் பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண்பது வயது நெருங்குகிறது. கடைக்காரர் கணக்கில் ஏமாற்றினாரா, பஞ்சு பொய்த்த ஆண்டில் பற்றை நீட்டினாரா, அவருடைய பிள்ளை தங்களோடு விளையாட வந்ததா, வெள்ளையர் பள்ளிக்குப் போனபிறகு முகம் கொடுத்ததா என்பதையெல்லாம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். மெம்ஃபிஸிலிருந்து சிகாகோவுக்கு இன்றும் ஒவ்வோர் இரவும் ரயில் போகிறது. ஒலிப்பதிவுக் கருவியோடு யாராவது அதில் ஏறிப் போய்க் கேட்கலாம்.